அருவிச் சத்தத்தில் குத்திய அரிசி

என் வீட்டுக்காரர் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்த சாயங்காலத்தை இந்த வாரம் சொல்லலாம் என்றிருக்கிறேன். இரண்டாவது உலகச் சண்டைக்கு முந்திய வருஷங்களில் ஒன்று. எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மூத்தவன் பிறக்கவில்லை, கல்யாணச் சேலைக்குச் சாயம் போகவில்லை. என் கணக்கு அவ்வளவுதான்.

தென்காசியில் எங்கள் தெரு நீளமான தெரு. தெருக்கோடியில் என் மாமனாரின் நெல் மில். நடுவில் எங்கள் வீடு. மில்லிலிருந்து வீட்டுக்கு வர வேண்டுமானால், வாசலில் உட்கார்ந்து பூக்கட்டுகிற, பேன் பார்க்கிற, அடுத்த வீட்டுச் சங்கதி பேசுகிற அத்தனை பெண்களையும் தாண்டித்தான் வர வேண்டும். அன்றைக்கும் இவர் வழக்கம்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். வலது காலில் செருப்பு இருந்தது. இடது காலில் இல்லை.

எதிர்வீட்டுப் பெரியம்மைதான் முதலில் பார்த்தாள். அவளுக்குத் தெரியாமல் எங்கள் தெருவில் ஒரு கோழிகூட முட்டையிட முடியாது.

"ஏலே மக்கா! ஒத்தைச் செருப்ப எவளுக்குலே சீதனமா குடுத்துட்டு வாரே?"

இவர் குனிந்து பார்த்தார். தெருவே சிரித்தது. இவரும் சிரித்தார். நானும் நடைக்கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

"எங்கன கழண்டுச்சுன்னே தெரியல பெரியம்மை" என்று சொல்லிக்கொண்டே படியேறினார். ஏறிய படியில் சிவப்பாக ஒரு தடம். அடுத்த படியிலும். குனிந்து பார்த்தால் குதிகாலில் கண்ணாடிச் சில் ஒன்று பாதிக்கு மேல் ஏறிக் கிடக்கிறது.

"வலிக்கலையா?" என்றேன்.

"எது?" என்றார்.

எனக்குச் சிரிப்பு அத்தோடு நின்றது.

குடையில் கொட்டிய அரிசி

அந்த மில்லைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் பக்கத்தில் மிஷினில் நெல் அரைக்க ஆரம்பித்த புதிது. அதற்கு முன்னால் எல்லா வீட்டிலும் உரலும் உலக்கையும்தான். மாமா மில் வைத்ததும் சுரண்டையிலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும்கூட வண்டி கட்டிக்கொண்டு நெல் கொண்டுவந்தார்கள். ஒரு தடவை அரைத்தால் அரிசி பழுப்பாக வரும். இரண்டாம் தடவை வெளுக்கும். மாமா நெல்லை அவிக்க விடமாட்டார். பச்சையாகவே மூன்று தடவை விடுவார். மூன்றாம் தடவைக்குப் பிறகு அந்த அரிசியைப் பார்க்கக் கண் கூசும்.

யாராவது சந்தேகப்பட்டால் தன் கறுப்புக் குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்து அதில் ஒரு பிடி அரிசியைப் போடுவார். "பாருங்க வே, தும்பைப்பூ!" என்பார். வந்தவர்கள் குடைக்குள் தலையை விட்டுப் பார்ப்பார்கள்.

அதற்கும் மேலே அவரிடம் ஒன்று இருந்தது. அவருடைய மகன். என் வீட்டுக்காரர் அப்போது ஆள் நல்ல உயரம், மார்பும் தோளுமாக இருப்பார். (இதை நான் எழுதினேன் என்று தெரிந்தால் இந்த வயசிலும் மீசையைத் தடவிக்கொள்வார்.) அவரை மில் வாசலில் நிறுத்தி, "எம் மவனைப் பாருங்க. இந்தச் சோத்தத் தின்ன ஒடம்புதான்" என்று மாமா தோளில் ஒரு தட்டுத் தட்டுவார். மில் வைத்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான், உடம்பு வளர்ந்தது அதற்கு முன்னாலேயே, குத்தின அரிசியில் என்பதை யாரும் கேட்கவில்லை. மாமாவும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் யார் என்ன சாப்பிட்டார்கள்

நான் வடகரைப் பெண். எங்கள் அப்பாவுக்கு வயலும் தென்னையும் உண்டு. வீட்டில் நெல்லை அவித்து, காய வைத்து, நாங்களே குத்தி, செவேலென்று இருக்கிற அரிசியைத்தான் பொங்குவோம். கல்யாணமாகி வந்த மறுநாள் இலையில் விழுந்த சோற்றைப் பார்த்து, இட்லியை உதிர்த்துப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, வாய்விட்டுக் கேட்டும்விட்டேன்.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, அது போதாதா?

"ஏட்டி செம்பா, ஒங்க வடகரையில நெல்லக் குத்தித் திங்கியளா, இல்ல அணில் மாதிரி கொறிச்சுத் திங்கியளா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள்.

அன்றைக்கு நான் அரைத்த துவையலில் நாலு மிளகாய் கூடுதலாக விழுந்துவிட்டது. கை தவறித்தான்.

அந்த வீட்டுப் பந்தியை நினைத்தால் இப்போதும் வேடிக்கையாக இருக்கும். ஆண்களுக்கு மல்லிகைப்பூச் சோறு, மலைபோல. மேலே நெய், ரசம், ஒரு அப்பளம். என் வீட்டுக்காரர் காய்கறியை இலையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்துவிடுவார். கீரை என்றால், "நான் என்ன ஆடா?" என்பார். பெண்களுக்குச் சோறு மிஞ்சாது. நாங்கள் சலித்து எடுத்த குருணையில் தவிடும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கஞ்சி வைத்து, முருங்கைக்கீரையும் பயறுமாகச் சாப்பிடுவோம்.

மிச்சமெல்லாம் மாட்டுக்கு. அரிசி தீட்டின தவிடு மாட்டுக்கு. அரிசி கழுவின கழுநீர் மாட்டுக்கு. சோறு வடித்த கஞ்சி மாட்டுக்கு. காய்த்தோல், கீரைத்தண்டு எல்லாம் மாட்டுக்கு. எங்கள் பசு தெருவில் நடந்தால் கழுத்து மணியைவிட அதன் முதுகு மின்னும்.

பாசம் கூடக்கூட வெளுத்த அரிசி

குதிகாலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டோம். புண் ஆறிவிட்டது. கால் ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே எறும்பு ஊருகிறது என்பார். கெண்டைக்காலைத் தொட்டால் கத்துவார்; பாதத்தில் கிள்ளினால் தெரியாது. மச்சுப்படி ஏறினால் மூச்சு வாங்கும்.

வைத்தியர் வந்து நாடி பிடித்தார். வாயு என்றார். பருப்பு ஆகாது, பயறு ஆகாது, கீரை ஆகாது, கிழங்கு ஆகாது. நல்ல வெள்ளைச் சோறும் தெளிவு ரசமும் மட்டும் என்று பத்தியம் சொன்னார்.

அத்தை அந்தப் பத்தியத்தை விரதம்போலக் காத்தாள். மாமாவிடம் சொல்லி மகனுக்கு மட்டும் இன்னொரு தடவை தீட்டச் சொன்னாள். அரிசியைக் கழுநீர் பளிங்காகத் தெளிகிற வரைக்கும் கழுவினாள். கஞ்சியைச் சொட்டில்லாமல் வடித்தாள். அத்தைக்குப் பாசம் கூடக்கூட அரிசி வெளுத்தது. அரிசி வெளுக்க வெளுக்க இவர் கால் துவண்டது. அந்த இரண்டுக்கும் உள்ள முடிச்சு அப்போது யாருக்குத் தெரியும்?

கடைசியில் மில் வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நிலைமை வந்தது. நெல் கொண்டுவந்தவர்கள், "என்ன அண்ணாச்சி, தம்பி துவண்டு நிக்கான்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மாமா, "வரப்புல வழுக்கிட்டான்" என்று ஒருவரிடமும், "மாடு முட்டிட்டு" என்று இன்னொருவரிடமும் சொன்னார். இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஊருக்குத் திரும்பினவர்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் மாமா முடிவு சொன்னார். "சீசன் வந்துட்டு. குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. எண்ணெய் தேச்சு அருவியில நின்னா நரம்பெல்லாம் எளகிரும். ஊரு பாக்க இங்கன நொண்ட வேண்டாம்."

மறுநாள் இரண்டு ஆள் கைத்தாங்கலாகப் பிடித்து இவரை வில்வண்டியில் ஏற்றினார்கள். அத்தையும் நானும் கூடவே ஏறிக்கொண்டோம். மாமா வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல உள்ளே போய்விட்டார்.

மலையாளத்து டாக்டரம்மா

குற்றாலத்தில் பேரருவிக்குக் கொஞ்ச தூரத்தில் எங்களுக்கு ஒரு ஓட்டு வீடு உண்டு. பாதியில் நாங்கள். மறு பாதியைச் சீசனுக்கு வருகிறவர்களுக்கு விடுவது வழக்கம். அந்த வருஷம் அருவி பொங்கி விழுந்தது. வீட்டுக்குள்ளே உப்பு கேட்பதற்குக்கூடத் தேர் இழுக்கிற குரலில் கத்த வேண்டும். சாரல் ஓட்டுச் சந்தில் புகுந்து, காய வைத்த துணி காயவே காயாது.

மறு பாதியில் இருந்தவர் செங்கோட்டைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த ஒரு டாக்டரம்மா. நல்ல பாரியான உடம்பு, வட்டக் கண்ணாடி. நேந்திரங்காய் வறுவல் ஒரு டின் எப்போதும் பக்கத்தில் இருக்கும். இவரை அருவியிலிருந்து கைத்தாங்கலாகக் கொண்டுவந்ததை அவர் இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் எழுந்து வந்துவிட்டார்.

அத்தை என் காதில் கத்தினாள்: "பொம்பளை டாக்டரு பிரசவத்துக்குல்லா பாப்பா? எம் மவனுக்கு என்ன பிரசவமா?"

அருவிச் சத்தத்துக்கு மேலே கத்தினதில் அது டாக்டரம்மா காதிலும் விழுந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பிரசவமில்ல அம்மே. அதைவிட எளுப்பம், சுலபம்" என்றார். இவரிடம், "குந்தி உட்காரு. சரி. இனி கை ஊணாம எழுந்திரு" என்றார்.

இவர் உட்கார்ந்தார். எழப் பார்த்தார். தொடை நடுங்கியது. "வழுக்குது" என்று சிரித்தார். மறுபடியும் முயன்றார். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

டாக்டரம்மா வறுவல் டின்னை மூடி வைத்தார். "எந்தா அரிசி சாப்பிடுறீங்க?"

அத்தைக்கு முகம் மலர்ந்தது. உள்ளே போய் ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்து நீட்டினாள். "நீங்களே பாருங்க. எங்க சொந்த மில்லு."

டாக்டரம்மா இரண்டு மணியை விரலில் உருட்டினார். "தவிடு எங்கே போகும்?"

"மாட்டுக்கு."

"அரிசி கழுகின வெள்ளம், தண்ணி?"

"மாட்டுக்கு."

"வடிச்ச கஞ்சி?"

"அதும் மாட்டுக்குத்தான்."

"மாடு சுகமா?"

"கண்ணு பட்டுரும், அப்படி இருக்கும்!"

"அது இருக்கும். உங்க வீட்டில ஒழுங்கா சாப்பிடுறது அது மாத்திரம்தான்."

குச்சி இல்லாத விறகு

பிறகு அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். படித்தவர்கள் குறை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

சோறு, கிழங்கு, கருப்பட்டி இதெல்லாம் மாவுச்சத்து. அடுப்புக்கு விறகு மாதிரி. ஓடியாட அதுதான் வேண்டும். பருப்பு, பயறு, பால், முட்டை, மீன் இதில் இருப்பது உடம்பைக் கட்டுகிற சத்து. தசையை வளர்ப்பதும் புண்ணை ஆற்றுவதும் அது. எண்ணெய், நெய், தேங்காயில் கொழுப்பு. அதுவும் எரிகிற சாமான்தான். விறகைவிட நின்று எரியும், மிஞ்சினால் உடம்பில் பதுங்கிக்கொள்ளும். "அளவோடே வேணும், கேட்டோ" என்று சொல்லும்போதே டாக்டரம்மாவின் கை டின்னைத் திறந்துகொண்டிருந்தது.

அப்புறம் உப்புகள். சமையல் உப்பு மட்டுமில்லை; ரத்தத்துக்கு இரும்பும் எலும்புக்குச் சுண்ணாம்பும் நாம் தின்கிற கீரையிலும் கேழ்வரகிலும் மோரிலும் இருக்கிறதாம். "இரும்பத் திங்கவா சொல்லுதீய?" என்று அத்தை பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தண்ணீரும் ஒரு சாப்பாடுதான் என்றார். குற்றாலத்தில் உட்கார்ந்துகொண்டு அதை மறுத்துப் பேச யாரால் முடியும்?

கடைசியாகச் சொன்னதுதான் விஷயம். ஜீவசத்து. இப்போது வைட்டமின் என்று குப்பியில் விற்கிறார்களே, அது. துளியூண்டுதான் வேண்டும். அதிலும் பல வகை: கண்ணுக்கு ஒன்று, ஈறுக்கு ஒன்று, நரம்புக்கு ஒன்று.

"விறகு மலை மாதிரி கிடக்கட்டும். பத்த வைக்கக் குச்சி வேண்டாமா? அந்தக் குச்சி தவிட்டில் உண்டு. நீங்க அதை மாட்டுக்குக் கொடுத்துட்டு, மகனுக்கு வெறும் விறகா அடுக்குறீங்க. விறகு கூடினா குச்சியும் கூட வேணும். அதான் சாப்பிடச் சாப்பிட மோசம்."

நான் அடுக்களையில் நின்று இதையெல்லாம் எங்கள் வீட்டு ஆட்களாக மாற்றிப் பார்த்தேன். மாவுச்சத்து மாமா, வீடு ஓடுவது அவரால்தான், சத்தமும் அவருடையதுதான். கொழுப்பு அத்தை, எதையும் வீணாக்காமல் சேர்த்து வைப்பாள், கொஞ்சம் பூசினாற்போலவும் இருப்பாள். கட்டுகிற சத்து என் வீட்டுக்காரர். ஜீவசத்து யார் என்று நான் வாயால் சொல்ல வேண்டுமா? துளியூண்டு, கண்ணுக்குத் தெரியாது, பந்தியில் கடைசி. ஒரு நாள் இல்லாமல் போனால்தான் தெரியும்.

அத்தை விடுகிற ஆளா? "அந்தச் சத்தக் கண்ணால பாத்திருக்கியளா?"

"இல்ல."

"நாக்குல வச்சுப் பாத்திருக்கியளா?"

"இல்ல."

"பொறவு?"

"அது இல்லாத ஆளுகளைப் பார்த்திருக்கேன் அம்மே. நிறைய. முதல்ல கால்ல தொடங்கும். பின்னே நெஞ்சுக்குப் போகும். நெஞ்சுக்குப் போனா ராத்திரி படுத்தவன் காலையில எழும்ப மாட்டான். இவனுக்கு மூச்சு வாங்குதா?"

படி ஏறினால் மூச்சு வாங்குவதை நான்தான் சொன்னேன். அத்தை கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வெள்ளை அரிசி கொஞ்சம் சிந்தியது. அவள் பொறுக்கவில்லை.

அத்தைக்கு வந்த யோசனை

கையால் குத்தின அரிசி, கஞ்சி வடிக்காத சோறு, பாசிப்பயறு, வேர்க்கடலை, கீரை. டாக்டரம்மா சொன்ன மருந்து இவ்வளவுதான். கேட்பதற்குச் சுலபம். ஆனால் மில்லுக்காரர் வீட்டில் உலக்கையா?

உங்களுக்கு அந்தக் காலத்துத் தெரு தெரியாது. உலக்கைச் சத்தத்தை வைத்தே யார் வீட்டில் விருந்து, யார் வீட்டில் மருமகளுக்குக் கோபம் என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் வீட்டில் ஒரு குத்து விழுந்தால் போதும். எதிர்வீட்டுப் பெரியம்மை அதைச் செங்கோட்டை வரைக்கும் கொண்டுபோய்விடுவாள். மில்லுக்காரனே தன் அரிசியைத் தின்ன மாட்டான் என்றால் எவன் நெல் கொண்டுவருவான்?

அத்தை முற்றத்தில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தாள். திடீரென்று தலையைத் தூக்கினாள்.

"ஏட்டி செம்பா, இப்ப என்ன சொன்னே?"

"நான் ஒண்ணுஞ் சொல்லலியே அத்தை!"

"சொன்னாலும் கேக்காதுல்லா?" என்றாள். அருவிப் பக்கம் கையைக் காட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு கள்ளச் சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பின்கட்டில் பழைய உரல் ஒன்று மழைநீர் நிரம்பிக் கிடந்தது. அதைக் கழுவிக் காய வைத்தோம். வடகரைக்கு ஆள் அனுப்பி, அவித்துக் காய வைத்த நெல் ஒரு மூட்டை வரவழைத்தோம். ஒரே உரலில் இரண்டு உலக்கை. அவள் தூக்கும்போது நான் போட வேண்டும், நான் தூக்கும்போது அவள். மில் வந்த பிறகு அத்தை உலக்கையைத் தொட்டதே இல்லை. உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

"பைய குத்துட்டி! ஓட்டப்பந்தயமா ஓடுத?" என்று கத்தினாள்.

"எங்க வடகரையில இப்படித்தான் அத்தை!" என்று நானும் கத்தினேன். அன்றைக்குக் கொஞ்சம் வேகமாகத்தான் குத்தினேன். வேண்டுமென்றுதான்.

மதியம் அந்தச் சோற்றை இலையில் வைத்தேன். இவர் பார்த்தார். "என்ன இது, செம்மண்ணுல பொரட்டுனாப்பில இருக்கு? மாட்டுக்குள்ளத எனக்கு வைக்கியளா? நாளைக்கு மில்லு வாசல்ல நின்னு என்னத்தச் சொல்லுவேன்?" இலையைத் தள்ளிவிட்டார். ரசம் தரையில் ஓடியது.

அத்தை அவருக்கு எதிரே பலகையைப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏட்டி, எனக்கும் ஒரு இலை போடு."

எங்கள் வீட்டில் ஆண்கள் கை கழுவுகிற வரைக்கும் பெண்கள் இலை முன்னால் உட்கார்ந்ததில்லை. அதிலும் அத்தை! அவள் அந்தச் சிவப்புச் சோற்றில் பயற்றுக் குழம்பை விட்டுப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தாள். மென்றாள். அந்தச் சோறு மெல்ல வேண்டிய சோறு. மெல்ல மெல்ல அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. கொப்பளித்த கையில் குழம்பு பட்ட எரிச்சல் என்று பிறகு சொன்னாள்.

"நீ திங்காட்டா நான் இங்கனயேதான் இருப்பேன்" என்றாள் மகனைப் பார்த்து.

இவர் இலையைத் திரும்பவும் இழுத்துக்கொண்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு முதல் பந்தியில் உட்கார்ந்த அத்தை அதற்கப்புறம் எந்தக் காலத்திலும் கடைசிப் பந்திக்குப் போகவில்லை.

சாரல் நின்ற காலை

நாளாக ஆக எறும்பு ஊருவது குறைந்தது. அருவிக்கு ஒரு ஆள் துணை போதும் என்றானது. பிறகு கம்பு போதும் என்றானது. நாங்கள் தினமும் குத்தினோம். கத்திப் பேசிப் பேசி எங்களுக்குக் குரலே மாறிவிட்டது.

ஆடி மாதம் நடுவில் இரண்டு நாள் வெயில் அடித்தது. குற்றாலத்தில் அப்படித்தான், மேலே மழை நின்றால் அருவி நூலாகிவிடும். ஊரெல்லாம் அடங்கிக் கிடந்தது. எங்களுக்கு மட்டும் அது உறைக்கவில்லை. காதுக்குள்ளே அருவி விழுந்துகொண்டே இருந்தது. விடிந்ததும் வழக்கம்போல உரலடிக்குப் போய் இரண்டு பேருமாக விளாசினோம்.

மகனைப் பார்க்கத் தென்காசியிலிருந்து வந்த மாமா வண்டியை விட்டு ரோட்டில் இறங்கும்போதே கேட்டிருக்கிறார். நிமிர்ந்து பார்த்தால் பின்கட்டு வாசலில் குடையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார்.

"யாரு வீட்டு நெல்லு?"

"நாம திங்க நெல்லு" என்றாள் அத்தை, அருவிக்கு மேலே கத்திப் பழகின குரலிலேயே. பக்கத்து வீட்டில் நாய் குரைத்தது.

"அப்ப மில்லு என்னத்துக்கு இருக்கு?"

"மில்லு ஊருக்கு இருக்கு. எம் மவனுக்கு இதுதான்."

"தென்காசிக்கு வந்துமா?"

"வந்தும்தான்."

"தெருவுல கேக்கும்!"

"கேக்கும்."

மாமாவின் முகம் கறுத்தது. "அப்படின்னா மில்லப் பூட்டிட்டு நானும் ஒரு ஒலக்கைய எடுத்துட்டு நிக்கேன். ஊரே வந்து பாத்துட்டுப் போகட்டும்!"

சத்தம் கேட்டு டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். மாமாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்களும் இதே வெள்ளைச் சோறுதானே அண்ணாச்சி? கால் நல்லா இருக்கே. மில்லில உட்கார்ந்து என்ன கொறிப்பீங்க?" என்றார்.

மாமாவின் கை தன்னாலே சட்டைப் பைக்குப் போனது. அது எப்போதும் வறுத்த வேர்க்கடலை நிறைந்த பை. "சும்மா... வாய்க்கு..." என்றார்.

"அந்தக் கடலைதான் உங்களைக் காப்பாத்தினது" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போய்விட்டார்.

மாமாவுக்கு அது இன்னும் அவமானமாகப் போயிற்று. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இவர் உள்ளேயிருந்து கம்பில்லாமல் வந்தார். இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு முற்றத்தின் நடுவில் குந்தி உட்கார்ந்தார்.

நான் உலக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முந்தின நாள்வரை பாதியில் நடுங்கி, தரையில் ஒரு விரலாவது ஊன்றித்தான் எழுந்துகொண்டிருந்தார்.

எழுந்தார். கை மார்பிலேயே இருந்தது. மறுபடியும் உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்தார். மூச்சு வாங்கவில்லை.

மாமா அந்தக் காலையே பார்த்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். உலக்கையைக் கொடுத்தேன். அதைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். அங்கே இரும்புப் பூண் தேய்ந்து பாதி மரம் தெரிந்தது.

"பூணு தேஞ்சு போச்சு. இதால குத்துனா குருணைதான் விழும்" என்றார். "தென்காசிக்குப் போனதும் ஆசாரிகிட்டச் சொல்லிப் புதுப்பூண் போடணும். கனமா."

புதுப்பூண் போட்ட உலக்கை எப்படிக் கணீரென்று கேட்கும் என்பது உலக்கை பிடித்தவர்களுக்குத் தெரியும். அத்தை என்னைப் பார்த்தாள். நான் சொளகை எடுத்துக்கொண்டு தவிடு புடைக்கத் திரும்பிவிட்டேன்.

தெரு கேட்டது

சீசன் முடிந்து தென்காசி வந்தோம். ஆசாரி பூண் போட்டுக் கொடுத்தார். மறுநாள் காலையில் பின்கட்டில் முதல் குத்து விழுந்தது. நாலாவது குத்துக்குள்ளே எதிர்வீட்டுக் கதவு திறந்த சத்தம் கேட்டது.

மாமா மில் திறக்க வாசலில் இறங்கிக்கொண்டிருந்தார். பெரியம்மை அவருக்கு மைனி, அதாவது அண்ணி முறை. கிண்டலுக்கு உரிமை உள்ளவள். அதை ஒரு நாளும் விட்டதில்லை.

"என்ன கொழுந்தனாரே! மில்லுக்காரர் வீட்டுல ஒலக்கைச் சத்தம்! மிஷினுக்கு என்ன, காச்சலா?"

தெருவில் அத்தனை வாசலும் காதைத் தீட்டிக்கொண்டது. எனக்குக் கை நின்றுவிட்டது. அத்தை, "குத்துட்டி" என்று பல்லைக் கடித்தாள். குத்தினேன்.

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு நிதானமாக நிமிர்ந்தார்.

"ஏன் மைனி? எங்க வீட்டுல மாடு மட்டும் நல்லாத் தின்னாப் போதுமா, மனுசரும் சாப்பிட வேண்டாமா?"

பெரியம்மை திறந்த கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். மாமா தெருக்கோடியைப் பார்த்து நடந்தார். என் வீட்டுக்காரர் அவருக்குப் பின்னால் இறங்கி, இரண்டு எட்டில் அவரைப் பிடித்து, பக்கத்திலேயே போனார்.

கொஞ்ச நேரத்தில் மில் எஞ்சின் கிளம்புகிற சத்தம் தெருக்கோடியிலிருந்து வந்தது. அத்தை உலக்கையைக் கீழே வைக்கவில்லை.